ஒரு சாண் குச்சி

போன கார்த்திகையில் என் கொழுந்தியாள் கொடைக்கானலிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்தாள். பையைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது மலைப்பூண்டும் அல்ல, காரட்டும் அல்ல. ஈரக் கைக்குட்டையில் சுருட்டி வைத்திருந்த நாலு குச்சிகள். ஸால்வியாவாம். அவள் வீட்டு வாசலில் செக்கச் செவேலென்று பூத்துக் கிடக்கிறதாம். என் மனைவி அதை வாங்கிய வேகத்தைப் பார்த்திருந்தால், ஏதோ தங்கக் காப்பு என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

கொழுந்தியாள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, ரண வைத்தியம் பார்க்கிறவள் மாதிரி வேலையை ஆரம்பித்தாள். நுனி மொட்டைக் கிள்ளி எறிந்தாள். அடி இலைகளை உருவிவிட்டு, தலையில் இரண்டே இலைகளை விட்டுவைத்தாள். கணுவுக்குச் சற்றுக் கீழே பிளேடால் நறுக்கி, டீ கிளாஸில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தினாள். வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் விழுகிற ஜன்னலாகப் பார்த்துக் கிளாஸை வைத்தாள். "தண்ணிய மட்டும் தினம் மாத்திருங்க அத்தான்" என்று எனக்கும் ஓர் உத்தியோகம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் கிளாஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஏதோ தொங்கியது. வேர். நான் கூப்பிட்ட கூப்பாட்டில் அம்மாவும் எழுந்து வந்தாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. குச்சியை எடுத்துத் தண்டைத் தடவிப் பார்த்தாள். "நாலு பட்டையா இருக்கு. துளசி, ஓமவல்லி சாதியாக்கும் இது. வேர் விடாம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். தாவர சாஸ்திரிகளும் துளசியையும் ஓமவல்லியையும் பிரேஸில் தேசத்திலிருந்து வந்த இந்தச் சிவப்பு ஸால்வியாவையும் ஒரே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த நாலு பட்டைத் தண்டு ஓர் அடையாளம்.

அன்றைக்குத்தான் எனக்கு எங்கள் சீமையின் சரித்திரத்தில் எவரும் எழுதிவைக்காத ஒரு பாகம் இருக்கிறது என்று தோன்றிற்று. ராஜாக்கள், ஜமீன்கள், பஞ்சங்கள் எல்லாவற்றுக்கும் எழுத்து இருக்கிறது. கையிலிருந்து கைக்குப் போன குச்சிக்கு ஏது எழுத்து?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறவர்களுக்கு இந்தப் பூமியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பக்கம் கரிசல், ஒரு பக்கம் செவல். வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும் பங்கு ஐப்பசி கார்த்திகையில். திருச்சுழி பூமிநாதர் கோவிலை ஒட்டி ஓடுகிற குண்டாற்றில் தண்ணீரைப் பார்த்த நாளைவிட மணலைப் பார்த்த நாளே ஜாஸ்தி. ரமண மகரிஷி 1879-ல் பிறந்தது இந்தத் திருச்சுழியில்தான். கரிசலில் பருத்தி, கம்பு, சோளம், மல்லி எல்லாம் விதைப்பார்கள்.

'மல்லி' என்றதும் பூ என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் "மல்லி போட்டிருக்கிறேன்" என்று சொன்னால் அது கொத்தமல்லி. "மல்லி வைத்திருக்கிறேன்" என்று சொன்னால்தான் பூ. போடுவது விதை, வைப்பது குச்சி. இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள்ளே இரண்டு உலகம் இருக்கிறது. போடுகிற மல்லிக்கு விதை கடையில் கிடைக்கும், காசுக்குக் கிடைக்கும். அது ஆண்பிள்ளை சமாசாரம். வைக்கிற மல்லி கொல்லைப்புறத்துச் சமாசாரம். அதற்கு ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்க வேண்டும்.

ஏனென்றால் குண்டுமல்லிக்கு விதை கிடையாது. கிடையவே கிடையாது என்று சொல்வது சற்று மிகை. அபூர்வமாக எங்காவது ஒரு காய் பிடிக்கலாம். ஆனால் அந்தக் காயை நம்பி ஒருவரும் செடி வளர்த்ததில்லை. மல்லிகையில் சாதாரணமாக ஒரு செல்லுக்கு 26 குரோமோஸோம்கள். சில வகைகளில் 39 இருக்கின்றன. இரண்டு பங்காக இருக்க வேண்டியது மூன்று பங்காகிவிட்டால் சரிசமமாகப் பிரிய முடியாது, விதையும் பிடிக்காது. கோவேறு கழுதைக்குக் குட்டி இல்லாத மாதிரிதான். ஆகவே இன்றைக்கு நீங்கள் காணும் ஒவ்வொரு குண்டுமல்லிச் செடியும் வேறொரு செடியின் குச்சி. அந்தச் செடி அதற்கு முந்தியதன் குச்சி. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எந்த நூற்றாண்டில், எந்தக் கொல்லையில் போய் நிற்போம்? மகளும் பேத்தியும் அல்ல, ஒரே செடிதான் ஊர் ஊராக இடம் மாறி நடந்துகொண்டே இருக்கிறது.

அது நடந்த தூரம் கொஞ்சமல்ல. சீனர்கள் இதை மோலி என்கிறார்கள். நம் மல்லிகா என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பது அறிஞர்கள் சொல்வது. அவர்கள் மல்லிகை வாசம் ஏற்றிக் குடிக்கிற தேயிலைக்கு இந்தப் பூவைத்தான் உபயோகிக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 1934-ல் இதையே தேசியப் பூவாகப் பிரகடனம் செய்தார்கள். இந்தோனேஷியா 1990-ல் செய்தது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ல் இதற்குப் பெயர் சூட்டும்போது, பாவம், பவழமல்லி இருந்த கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். 1789-ல் வில்லியம் ஐடன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் எடுத்து மல்லிகை இனத்திலேயே வைத்தார். அதற்கு அவர்கள் வழங்குகிற ஸம்பக் என்ற பெயர் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. சீனம், அரேபியா, ஜாவா என்று எந்தத் துறைமுகத்துக்குப் போயிருந்தாலும் அது போனது குச்சியாகத்தான் இருக்க வேண்டும். வாழைப்பட்டையில் சுற்றி, ஈரம் காயாமல், யாரோ ஒருவர் தம் பங்குக் குடிதண்ணீரில் ஒரு மிடறு அதற்கும் தெளித்துக் கொண்டுபோயிருக்க வேண்டும். அவருக்குப் பெயர் இல்லை.

பெயர் உள்ள ஒருவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் டஸ்கனி தேசத்தை ஆண்டுகொண்டிருந்த பெரிய பிரபு மூன்றாம் காஸிமோவுக்குக் கோவாவிலிருந்து அடுக்குமல்லிச் செடி ஒன்று வந்து சேர்ந்ததாம். அதை அவர் பீஸா நகரத்துத் தோட்டத்தில் வைத்துக் காவல் போட்டார். ஒரு குச்சி வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. தோட்டக்காரப் பையன் ஒருவன், தான் கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்ணின் பிறந்த நாளுக்கு ஒரு பூங்கொத்து கட்டினான். அதில் இந்த மல்லிகைக் கொப்பு ஒன்றையும் சொருகிவிட்டான். பூ வாடியது. பெண் கெட்டிக்காரி, குச்சியை மண்ணில் ஊன்றிவிட்டாள். அது தழைத்தது; அதிலிருந்து குச்சி குச்சியாக விற்று அவர்கள் கல்யாணத்துக்குப் பணம் சேர்த்தார்கள். டஸ்கனியில் மணப்பெண்கள் மல்லிகை சூடுவது அதனால்தான் என்று முடிகிறது கதை. எவ்வளவு உண்மையோ, தெரியாது. ஆனால் அந்த அடுக்குமல்லிக்கு இன்றைக்கும் உலகத்து நர்சரிகளில் 'டஸ்கனியின் பெரிய பிரபு' என்றுதான் பெயர். கொடுக்க மாட்டேன் என்றவர் பெயர் நிலைத்துவிட்டது. கொடுத்தவர்கள் பெயர் போய்விட்டது. சரித்திரத்தில் இது சகஜம்.

எங்கள் தெருவில் அந்தப் பிரபுவைப் போல ஒருத்தியும் இருந்ததில்லை. "மதினி, ஒரு குச்சி ஒடிச்சிக்கிடவா?" என்று கேட்டால், "ஒடிச்சிக்க தாயீ, இதுக்குப் போயி கேட்டுக்கிட்டா நிக்கிற?" என்பதுதான் பதில். மணி பிளாண்டை மட்டும் கேட்காமல் திருடி வந்தால்தான் செழிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தத் தோட்டக்காரப் பையனுக்கு இது தெரிந்திருந்தால் மனசாட்சி கொஞ்சம் லேசாகியிருக்கும்.

எங்கள் வீட்டு மல்லிகை அம்மாவோடு வந்தது. அவள் பிறந்தது திருச்சுழிப் பக்கம், செவல் காட்டு ஊர். கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த வருஷம், ஆடிக்குப் பிறந்த வீடு போய்த் திரும்புகையில் அம்மாச்சி தூக்குச் சட்டியில் ஈர மண்ணை அடைத்து ஆறு குச்சிகளைச் சொருகிக் கொடுத்தாளாம். கவாத்து செய்த குச்சி. இளந்தண்டும் அல்ல, முற்றலும் அல்ல. ஒரு சாண் நீளம், நாலு கணு. "மூணு கணு மண்ணுக்குள்ள இருக்கணும், ஒரு கணு வானத்தப் பார்க்கணும். தலைகீழா ஊணிறாத" என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறாள். நாலு பிழைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், எங்களைக் குளிப்பாட்டிய தண்ணீர் எல்லாம் அதற்கே. நான் வளர்ந்த தண்ணீரில்தான் அது வளர்ந்தது என்று சொன்னால் அலங்காரமில்லை.

அம்மாச்சி சொன்ன 'தலைகீழா ஊணிறாத' என்பதை 1878-ல் ஜெர்மனியில் ஃபெக்டிங் என்ற தாவர சாஸ்திரி ஆராய்ந்து ஒரு புஸ்தகமே எழுதினார். வில்லோ மரக் குச்சிகளை ஈரக் காற்றில் நேராகவும் தலைகீழாகவும் தொங்கவிட்டுப் பார்த்தார். எப்படித் தொங்கினாலும் மரத்தில் இருந்தபோது எது அடியாக இருந்ததோ அங்கேதான் வேர் வந்தது, எது நுனியோ அங்கேதான் துளிர் வந்தது. குச்சி தன் திசையை மறப்பதில்லை. இதற்குக் காரணமான சத்து ஒன்று இருக்க வேண்டும் என்று தேடினார்கள். ஹாலந்தில் யூட்ரெக்ட் நகரத்தில் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் முளையை வைத்துப் பரிசோதித்து 1928-ல் அதை நிரூபித்தார். ஆக்ஸின் என்று பெயர். நுனியில் உற்பத்தியாகிக் கீழே இறங்கி வருகிறது. குச்சியை ஒடித்தால் இறங்குவதற்கு வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்குகிறது. அங்கே இருக்கிற உயிரணுக்கள் தண்டாக இருப்பதை விட்டுவிட்டு வேராகப் புறப்படுகின்றன. தலையில் இரண்டு இலையை விட்டுவைப்பதும் இதற்காகத்தான். அதே யூட்ரெக்டில் 1934-ல் கோகல் என்ற ரசாயனப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து என்று கேட்கிறீர்களா? மனுஷர்களின் மூத்திரத்திலிருந்து! மறு வருஷமே அதில் குச்சியைத் தோய்த்தால் வேர் சீக்கிரம் வரும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்கு நர்சரிகளில் டப்பாவில் விற்கிற வேர் ஊக்கித் தூள் அந்தச் சத்தின் நெருங்கிய உறவுதான்.

எங்கள் பக்கத்தில் முருங்கைப் போத்து நடும்போது தலை வெட்டில் சாணி உருண்டையை அப்பி வைப்பார்கள். மேல்வாய் காயக் கூடாது, மழைத்தண்ணீர் இறங்கி அழுகவும் கூடாது என்பது கணக்கு. இதைப் பட்டிக்காட்டு வழக்கம் என்று யாராவது சிரித்தால் வராகமிகிரரைச் சொல்லுங்கள். 6-ம் நூற்றாண்டில் அவர் செய்த பிருஹத் ஸம்ஹிதையில் மரங்களுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பலா, மாதுளை, திராட்சை முதலியவற்றின் கிளைகளைச் சாணி பூசி நட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். கிளுவைப் போத்தை வரிசையாக ஊன்றி உயிர்வேலி போடுவதும், பூவரசு, ஒதியன், முள்முருங்கை என்று கிளையை வெட்டி நட்டே மரமாக்குவதும் எங்கள் சீமையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கரைகண்ட வித்தை.

குச்சி எல்லாமே இப்படி நல்லதனமாக வந்தது என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் வந்து குடியேறியதும் உண்டு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காக் கண்டத்துச் செடி. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கும்பினியின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்ஸன், சைதாப்பேட்டையில் கள்ளிக்காக ஒரு தோட்டமே போட்டார். கள்ளியில் வாழ்கிற ஒரு பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்ஸிகோவில் ஸ்பானியர்கள் அதில் கொழுத்துக்கொண்டிருந்தார்கள். நாமும் செய்வோமே என்று ஆசை. 1795-ல் நீல்ஸன் என்ற கப்பல் காப்டன் பிரேஸிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மட்டப் பூச்சி. சாயம் சரியாக இல்லை. கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. ஆனால் அது தின்றது ஒரு ஜாதிக் கள்ளியைத்தான். இன்னொரு ஜாதி, முள் நீண்டது, மஞ்சள் பூப்பது, தென் ஜில்லாக்களின் தரிசையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதன் மட்டை ஒன்று ஒடிந்து விழுந்தால் போதும், விழுந்த இடத்தில் வேர். வெட்டி எறிந்தால் ஒன்று பத்தாகும். கடைசியில் அதற்கேற்ற பூச்சியைத் தேடி 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவில் ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் கள்ளி மாய்ந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைப் பார்த்த அம்மாச்சி, "கள்ளி மேல பருத்தி வெடிச்ச மாதிரி இருந்திச்சு, தொட்டா விரல்ல ரத்தம்" என்பாள். கதை என்று நினைத்தேன். அந்தப் பூச்சி வெள்ளைப் பஞ்சுக்குள்ளேதான் இருக்கும் என்பதும், நசுக்கினால் சிவப்பு என்பதும் பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது.

இனி எங்கள் மல்லிகைக்கு வந்த கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். 2016-ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் ராஜ்யம் முழுவதையும் வறட்சிப் பிரதேசம் என்று சர்க்கார் அறிவித்தது. எங்கள் தெருவில் தண்ணீரைக் குடம் விலை பேசி வாங்கினோம். பாத்திரத்தைத் துடைத்து வைத்தோமே தவிரக் கழுவவில்லை. அப்புறம் மல்லிகைக்கு ஏது தண்ணீர்? மாசியில் இலை கொட்டியது. பங்குனியில் அம்மா நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. அவள் அழவில்லை. அம்மாச்சி வீடு விற்றுப்போய் வெகு காலமாகிவிட்டது. அந்தக் கொல்லையில் இப்போது சிமெண்டுத் தளம். அந்த வீட்டில் மிச்சமிருந்தது இந்தச் செடி ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறு வருஷம் மழை பெய்த பிறகு அம்மா ஒரு நாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு பாளையம்பட்டிக்குக் கிளம்பினாள். எங்கள் தெருவில் தறி போட்டிருந்த ஒரு குடும்பம் அங்கே குடிபோயிருந்தது. இருபது வருஷத்துக்கு முன் அந்த வீட்டுப் பெண் எங்களிடம் ஒரு குச்சி வாங்கிப் போனது அம்மாவுக்கு நினைவு. அவர்கள் கிணற்றடியில், பாவுக்குப் போட்டது போக மீந்த கஞ்சித் தண்ணீரைக் குடித்து, செடி இடுப்புயரம் நின்றது. அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாளாம். "என்ன மதினி, எங்கிட்டப் போயி கேட்டுக்கிட்டு? ஒங்க செடிதானே எங்க வீட்டுல நிக்குது" என்று அந்த அம்மாள் அரிவாள்மனையை எடுத்துவந்து கொடுத்தாள். மூன்று குச்சி வந்தது. ஒன்று பிழைத்தது.

நான் கதை எழுதுகிறவன். சும்மா இருக்க முடியுமா? "அம்மா, இது அந்தப் பழைய செடியா, புதுசா?" என்று கேட்டேன். "ஏய்யா, பின்னே வேற யாராம்?" என்றாள். குரோமோஸோம் படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், அதற்கு எதற்குப் படிக்க வேண்டும் என்பாள்.

இன்றைக்கு மல்லிகை பெரிய வியாபாரம். கொல்லைப்புறத்திலிருந்து காட்டுக்கு வந்துவிட்டது. கார்த்திகைக் கவாத்து முடிந்து, பனியில் பூ குறைகிற மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகிறது. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மதுரையோடு விருதுநகர், திண்டுக்கல், தேனி, சிவகங்கை ஜில்லாக்களும் அந்த எல்லைக்குள் அடக்கம். அருப்புக்கோட்டைச் செவலில் பூக்கிறதும் மதுரை மல்லிதான். பெயர் மதுரைக்கு. குச்சி எங்கிருந்து? பெரும்பாலும் பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து. சுற்றிலும் உப்புக்கடல், நடுவே தீவு. அந்த மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். மணலில் குச்சி அழுகாது, கடற்காற்றின் ஈரத்தில் இலை காயாது. வேர் விடுவதற்கு அதைவிடத் தோதான மண் வேண்டுமா? அங்கே வேர் பிடித்த கன்றுகள் கட்டுக் கட்டாக வெளி மாநிலங்களுக்குக்கூடப் போகின்றன. செவல் காட்டுக்காரர்கள் அவற்றை வாங்கி வந்து, முக்கால் முழத்துக்குச் சற்று ஜாஸ்தியான குழி எடுத்து, ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் வைக்கிறார்கள். குறியீட்டில் யாருக்கும் ஆட்சேபமில்லை. விலையில் நாலு காசு கூடினால் சரிதான். ஆனால் தங்கச்சிமடத்துக்காரர்கள் மதுரைப் பூக்கடைப் பக்கம் போகும்போது மனசுக்குள் கொஞ்சம் சிரித்துக்கொள்ள மாட்டார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஸால்வியாவை மறந்துவிட்டேன். டீ கிளாஸிலிருந்து தொட்டிக்கு மாற்றிய நாலில் மூன்று மாசி வெயிலுக்கே தலை சாய்த்துவிட்டன. மலைக்காற்றுக்குப் பழகிய பிறவி, என்ன செய்யும்? மிச்சம் ஒன்று, அம்மா மல்லிகைக்கு ஊற்றுகிற தண்ணீரில் பங்கு வாங்கிக்கொண்டு அதன் நிழலில் ஒண்டி நிற்கிறது. சித்திரையில் ஒரு பூக்கூட வைத்தது. என் மனைவி அதிலிருந்து இரண்டு குச்சி ஒடித்து அடுத்த தெரு டீச்சர் அம்மாளுக்குக் கொடுத்திருக்கிறாள். பத்து நாளாகியும் வேரைக் காணோம் என்று நேற்று அந்த அம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "தண்ணிய தினம் மாத்துதாகளான்னு கேட்டியா?" என்றாள்.